ஏழு புள்ளி மூன்று புள்ளி இரண்டு

பம்பலப்பிட்டியில், கண்ணாடிக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி. இரவுப் பணி.
பதினொன்று இருபதுக்கு ஒரு மென்பொருள்
ஏழு புள்ளி மூன்று புள்ளி ஒன்று ஆகிறது.
பதினொன்று நாற்பதுக்கு இன்னொன்று
பன்னிரண்டு புள்ளி பூச்சியம் புள்ளி ஆறு.
'வெளியானது புதிய பதிப்பு' என்று எழுதுகிறேன்.
எழுதுகிறேன் என்பதும் பொய்:
நேற்றையதை நகலெடுத்து
இலக்கத்தை மாற்றுகிறேன்.
இதற்கு எனக்கு மாதச் சம்பளம்.

"வந்ததையெல்லாம் போடு" என்பார் ரிஸ்மி.
"நாங்கள் விட்டால் அடுத்தவன் போடுவான்."
நான் கேட்டேன்:
கீழே கடலோரம் போகிற ரயில்
நேரத்துக்கு வந்தால் அது செய்தியா?
"இந்த ஊரில் அதுதான் தலைப்புச் செய்தி."
தினுஷ சிரித்ததில்
பிளேன்ரீ விசைப்பலகையில் கொட்டியது.

ஆனாலும் விடவில்லை.
ஒரு மாதக் கணக்கை எடுத்து அவர் மேசையில் வைத்தேன்.
இருநூற்றுப் பதின்மூன்று செய்திகள்.
அவற்றில் நூற்றெண்பதைத் திறந்து பார்த்தவர்கள்
நாங்கள் மூன்று பேர்.
அதிலும் தினுஷவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது.

அன்றிலிருந்து சட்டம்:
இரண்டாவது புள்ளிக்குப் பின்னால்
எது மாறினாலும் செய்தியல்ல.

மூன்று கிழமை நிம்மதி.
பற்றரி ஏன் வீங்குகிறது என்று
ஆற அமர ஒரு கட்டுரை எழுதினேன்.
மருதானையில் போன் திருத்துபவர்கள் நால்வரிடம்
நேரில் போய்க் கேட்டு எழுதியது.

பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து அழைப்பு.
செபமாலை, அச்சகம் வைத்திருப்பவர்.
முப்பத்தோராம் நாள் நினைவு அட்டை, அறுநூறு.
இறந்தவர் பெயர் கொன்சலீற்றா.
திரையில் சரியாகத்தான் இருந்ததாம்.
அச்சில்
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் தனியே ஒரு 'க',
லொறி அடித்துப் போட்டதுபோல.
தெருவின் பெயரும் அப்படி, ஊரின் பெயரும் அப்படி.
பூசை முடிந்து அட்டையைப் பங்கிட்ட பிறகு
கோயில் வாசலில் மகன்தான் முதலில் பார்த்தானாம்.

"பிள்ளை, இதுக்குத் திருத்தம்
மூண்டு கிழமைக்கு முன்னமே வந்திட்டுதாம்.
நீங்கள் ஒரு வரி எழுதேல்லையே."

கோபமாகக் கேட்டிருந்தால்
என்னிடம் பதில் இருந்தது.

தேடினேன். ஏழு புள்ளி மூன்று புள்ளி இரண்டு.
சட்டம் போட்ட மறுநாள் வந்தது.
குறிப்பில் பதினேழு வரிகள். பதினாறாவது:
'தமிழ்: அச்சிடும்போது உயிர்மெய் பிரிவது சரிசெய்யப்பட்டது.'
எந்த ஊரிலோ எவரோ
இந்த ஒரு கொம்புக்காக விழித்திருந்திருக்கிறார்.
நான் மூன்று வரியோடு மூடியிருந்தேன்.

சட்டம் இல்லாவிட்டால் போட்டிருப்பேன்தான்.
எப்படி?
நேற்றையதை நகலெடுத்து, இலக்கத்தை மாற்றி.
செபமாலை அதைப் பத்துத் தரம் வாசித்திருந்தாலும்
கொன்சலீற்றாவின் கால் ஒட்டியிருக்காது.
இதை ரிஸ்மியிடம் இன்னும் சொல்லவில்லை.
அவருக்கு வெற்றி போலவும் கேட்கும்,
தோல்வி போலவும் கேட்கும்.

அன்றிரவு கொம்பைப் பற்றி மட்டும் எழுதினேன்.
தலைப்பில் இலக்கமே இல்லை:
'கொழும்பு என்று அச்சடிப்பவர்கள் கவனிக்க.'
காலையில் ரிஸ்மி எண்ணிச் சொன்னார்: பதினொரு பேர்.
"பதினொரு அச்சகமாக இருக்கலாம்" என்றேன்.
"பதினொரு தரம் செபமாலையாகவும் இருக்கலாம்."

இப்போது மணி இரண்டு.
காலி வீதியில் ஓர் ஓட்டோ
யாருக்கோ ஹோர்ன் அடித்துவிட்டுப் போகிறது.
ஏழு புள்ளி மூன்று புள்ளி மூன்று வந்திருக்கிறது.
குறிப்பில் ஒரே வரி:
'சிறு திருத்தங்கள்.'
எதை, யாருக்கு, எவ்வளவு சிறிது
ஒன்றும் இல்லை.

வெள்ளைத் தாளில் ஊரின் பெயரைத் தட்டி
அச்சுக்கு அனுப்பிவிட்டு நிற்கிறேன்.
இயந்திரம் சூடாகக்
கொஞ்ச நேரம் எடுக்கிறது.